மலையடிவாரத்துல வீடு, பின்னாடி முழுக்க காஞ்ச மஞ்சம்புல்லு. தீ எறங்கி வந்தா வீட்டை எப்படி காப்பாத்தறது?

ஒடுகத்தூர் பையன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு ஒடுகத்தூர்லேர்ந்து கொஞ்சம் உள்ள, ஜவ்வாது மலை அடிவாரம். அப்பா அம்மா மட்டும்தான் அங்க இருக்காங்க, நான் அம்பத்தூர்ல வேலை. வீடு முன்பக்கம் தளம் போட்ட மெத்தை, பின்பக்கம் சமையக்கட்டு மட்டும் பழைய நாட்டு ஓடு, அதை ஒட்டினாப்புல கீத்து வேஞ்ச மாட்டுக்கொட்டாவும் வைக்கப்போரும், அதுக்கு அந்தாண்ட நாலஞ்சு மாமரம், ரெண்டு பனை, அப்புறம் வேலிகாத்தான் வேலி, அதைத் தாண்டினா ரிசர்வ் ஃபாரஸ்ட்தான். இந்த வருஷம் மழை நல்லா பேஞ்சதுல புல்லு ஆள் உசரத்துக்கு வளந்து இப்ப காஞ்சு நிக்குது. போன ஏப்ரல்ல ராத்திரி தீ எறங்கி வந்து ஓடை வரைக்கும் வந்துடுச்சாம், அம்மா மறுநாள்தான் போன்ல சொன்னாங்க, எனக்கு உயிரே போயிடுச்சு.

அப்பா கிட்ட பேசினா "வருஷாவருஷம் மலை எரியறதுதாண்டா, கீழ வராது"ன்னு ஒரே பதில். நான் யோசிச்சது பின்பக்கம் எட்டடி காம்பவுண்டு சுவர் ஒண்ணு கட்டிடலாம்னு, மேஸ்திரி சொன்ன கணக்குக்கு லோன்தான் போடணும். செலவு பண்றதுக்கு முன்னாடி கேக்கறேன், சுவர் கட்டினா போதுமா? மரத்தை எல்லாம் வெட்டணுமா? இன்சூரன்ஸ் இதுக்கெல்லாம் கெடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலப்பாடி ரிட்டயர்டு

தம்பி, நான் தீயணைப்புத் துறைல இருந்து ரிட்டயர் ஆனவன். லோன் போடாதீங்க, மொதல்ல அதை நிறுத்துங்க. சுவர் தரையோட வர்ற புல்லுத்தீயை ஓரளவு தடுக்கும், இல்லேன்னு சொல்லல, ஆனா வீடு பத்தறது பெரும்பாலும் அந்த ஜ்வாலையால இல்ல. காத்துல பறந்து வர்ற நெருப்புத் துண்டாலதான். புல்லோட பொறி சின்னது, சீக்கிரம் அவிஞ்சிடும், ஆனா காஞ்ச பனை ஓலை, மூங்கில் தோல், மரப்பட்டை இதெல்லாம் எரிஞ்சுகிட்டே தூரமா போகும், அது உங்க எட்டடி சுவரை பாத்துகிட்டு நிக்காது, மேல வந்து கீத்து மேல உக்காரும். கீத்து பத்தினா அடுத்து சமையக்கட்டு ஓடு, ஓட்டுக்கு கீழ இருக்கற மரச்சட்டம், அப்புறம் உள்ள இருக்கற சிலிண்டர். உங்க வீட்டுல தீ வர்ற வழி அதுதான், நீங்க எழுதினதை படிச்சதுமே எனக்கு அந்த கொட்டாதான் கண்ணுல பட்டுது.

புல்லுத்தீ ஒரு எடத்துல ரொம்ப நேரம் நிக்காது. சரசரன்னு வந்து சில நிமிஷத்துல தாண்டிப் போயிடும். அந்த கொஞ்ச நேரத்துல வீட்டை ஒட்டி பத்திக்கற மாதிரி எதுவும் இல்லேன்னா வீடு தப்பிச்சிடும். அதனால சுவத்தை ஒட்டி சுத்திலும் அஞ்சடிக்கு மண்ணுதான் தெரியணும். வெறகு, வரட்டி, தென்னமட்டை, பழைய சாக்கு, தார்ப்பாய், மூலைல சாத்தி வெச்ச தொடப்பம், ஒண்ணும் இருக்கக் கூடாது. ஓட்டு மேல மாமரத்து சருகு கண்டிப்பா சேந்திருக்கும், ஓட்டு இடுக்குல போயி திணிஞ்சிருக்கும், அதை மாசி பொறக்கறதுக்குள்ள ஆளை ஏத்தி கூட்டி எடுத்துடுங்க, அப்பவே ஒடஞ்ச ஓட்டையும் மாத்திடுங்க. சமையக்கட்டுல புகை போற ஓட்டை, ஜன்னலுக்கு மேல திறப்பு இதுக்கெல்லாம் சின்ன கண்ணு இரும்பு வலை அடிங்க, கண்ணு 3 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. நைலான் கொசுவலை வேலைக்கு ஆகாது, உருகி ஒழுகிடும்.

கொட்டாவை எடுக்க மனசு வரலைன்னா கீத்தை மட்டுமாவது எடுத்துட்டு தகர ஷீட்டு போடுங்க. மாட்டுக்கு சூடுன்னு சொல்லுவாங்க, ஒசரமா தூக்கி போட்டு மேல வெள்ளை அடிச்சா தாங்கும். சுவருக்கு ஆகற செலவுல இது பாதி கூட வராது.

மெத்தைவீடு மணி

ப்ரோ சிம்பிள், எல்லா மரத்தையும் வெட்டி சுத்திலும் சிமெண்ட் தரை போட்டுடுங்க. மரம் இருந்தாதானே எரியும் 😀

வேலப்பாடி ரிட்டயர்டு

மணி, வேலூர் வெயில்ல மாமரத்தை வெட்டிட்டு சிமெண்ட் தரைல யாரு குடியிருக்கறது? பச்சையா இருக்கற மாமரம் சட்டுனு பத்தாது, சொல்லப்போனா பறந்து வர்ற பொறியை அது கொஞ்சம் தடுக்கும். பிரச்சினை மரத்துக்கு அடில இருக்கற புல்லும் சருகும்தான். கீழ் கெளையை ஆள் ஒசரத்துக்கு மேல கழிச்சு விட்டுடுங்க, அப்ப தரைல எரியற தீ மரத்து மேல ஏற வழி இருக்காது. வீட்டு மேல தொங்கற கெளையை எடுங்க. பனைல தொங்கற காவோலையை ஆள் விட்டு இறக்குங்க, இது முக்கியம், அது பத்தினா மேலேர்ந்து நாலாபக்கமும் கொட்டும். வேலிகாத்தானை வேரோட எடுக்க முடிஞ்சா எடுங்க, இல்லேன்னா வேலிக்கு அடில காஞ்ச முள்ளை மட்டும் எடுங்க.

இன்னொண்ணு. வெட்டி சேத்ததை எல்லாம் குமிச்சு வெச்சு கொளுத்தற வேலை வேண்டவே வேண்டாம். மலையடிவாரத்துல நெறைய தீ இப்படி சுத்தம் பண்றேன்னு ஆரம்பிக்கறதுதான். குழி வெட்டி எருவுல போடுங்க.

கொசப்பேட்டை டு கலிஃபோர்னியா

நான் வேலூர் கொசப்பேட்டை, இப்ப சான் ஹோசே பக்கம் இருக்கேன். சார் சொல்றது நூத்துக்கு நூறு. இங்க 2018 நவம்பர் 8ஆம் தேதி பாரடைஸ்னு ஒரு ஊரு, கேம்ப் ஃபயர்னு பேரு அந்த தீக்கு, 85 பேர் செத்தாங்க, 18,000க்கு மேல கட்டிடம் போச்சு. அப்புறம் வந்த போட்டோ எல்லாம் பாத்தா ஆச்சரியமா இருக்கும், வீடு அஸ்திவாரம் வரைக்கும் சாம்பலா கெடக்கும், பக்கத்துல மரம் பச்சையா நிக்கும். அதாவது காடு எரிஞ்சு வந்து வீட்டை எரிக்கல, பொறி விழுந்து வீடு எரிஞ்சு அடுத்த வீட்டை எரிச்சுது.

இதை ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தவர் ஜாக் கோஹன், அமெரிக்க வனத்துறைல தீ ஆராய்ச்சி பண்ணவர். கனடாவுல நிஜமாவே காட்டை எரியவிட்டு பக்கத்துல மரச்சுவர் நிக்க வெச்சு பாத்தாங்க, 10 மீட்டர்ல வெச்சதுல சிலது பத்திக்கிச்சு, 20 மீட்டர்ல லேசா கருகினதோட சரி, 30 மீட்டர்ல ஒண்ணும் ஆகல. அவ்ளோ பெரிய காட்டுத்தீயே 30 மீட்டருக்கு அந்தாண்ட இருந்தா மரச்சுவரை பத்த வைக்க முடியலைன்னா நம்ம ஊரு செங்கல் சுவரை என்ன பண்ணப் போவுது? இங்க சட்டப்படி காட்டு ஓரத்து வீடுங்க சுத்தி 100 அடி சுத்தமா வெச்சிருக்கணும். மொதல் 5 அடில பத்திக்கற மாதிரி ஒண்ணுமே இல்லாம இருக்கறது நல்லது, அதுக்கப்புறம் 30 அடி வரைக்கும் புல்லை குட்டையா வெச்சு மரத்தை தள்ளித் தள்ளி விடணும், மீதி 100 அடி வரைக்கும் புல்லை குட்டையா வெச்சு, காஞ்சதை கழிச்சு, மரம் செடி நடுவுல எடம் விட்டா போதும், காட்டை மொட்டை அடிக்கணும்னு இல்ல.

ஆனா ஒண்ணு, இங்க வீடெல்லாம் மரம், அதனால இந்த பயம். நம்ம ஊருல சுவரும் தளமும் ஏற்கனவே நல்லா இருக்கு, கொட்டாவும் வைக்கப்போரும்தான் வீக்கு. அதை சரி பண்ணிட்டா இங்க கோடிக்கணக்குல வீடு வாங்கினவனை விட உங்க அப்பா சேஃபா இருப்பார், சீரியஸா சொல்றேன். இங்க இன்சூரன்ஸ் கம்பெனிங்களே நெறைய பேருக்கு பாலிசியை புதுப்பிக்க மாட்டேன்னு கையை விரிச்சிட்டாங்க.

நம்ம ஊருல 2021 ஏப்ரல்லேர்ந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரு ஸ்டாண்டர்டு வீட்டு பாலிசி இருக்கு, அதுல காட்டுத்தீயும் சேத்திதான். கீத்துக் கொட்டாவை சேத்துப்பாங்களான்னு மட்டும் எழுத்துல வாங்கிக்கோங்க. மாட்டுக்கு தனி இன்சூரன்ஸ்.

பீஞ்சமந்தை மேல

நான் மலை மேல இருக்கறவன். கீழ இருக்கறவங்க எல்லாரும் தீ மேலேர்ந்து வருது மேலேர்ந்து வருதுன்னு சொல்லிக்கினு கீறீங்க, நாங்க மேலேர்ந்து பாக்கறப்ப கீழேர்ந்துதான் வருது. அடிவாரத்துல எவனாவது பீடி போடுவான், குப்பை கொளுத்துவான், ஆடு மேய்க்கறவன்ல சிலபேரு புதுப்புல்லு தழைக்கும்னு பத்த வெச்சிட்டு நைசா போயிடுவான், மலை எரிஞ்சா மழை வரும்னு ஒரு பேச்சு வேற. பகல்ல வெயில் ஏற ஏற காத்து மலை மேல ஏறும், தீயும் கூடவே ஏறும். சரிவு பத்து டிகிரி கூடினா தீயோட வேகம் கிட்டத்தட்ட டபுளு ஆகுதுன்னு வனத்துறை மீட்டிங்ல சொன்னாங்க, சொல்லவே வேணாம், நாங்க கண்ணால பாக்கறோமே. ஒரு குன்று ஏறி முடிக்கறதுக்குள்ள நம்ம கொல்லையாண்ட வந்து நிக்கும்.

ராத்திரில காத்து திரும்பி கீழ எறங்கும், அப்பதான் உங்களுக்கு ஆபத்து. எறங்கற தீ மெதுவாதான் வரும், ஆனா எரியற கட்டை உருண்டு வரும் பாருங்க, அது ஓடையை தாண்டி வந்து புதுசா பத்த வெச்சிடும். உங்க வீட்டாண்ட ஓடை கீதுன்னு சொன்னீங்கல்ல, அதுல சருகு நெரம்பி கெடந்தா அது ஓடை இல்ல, திரி. அதை மொதல்ல வாரி எடுங்க.

எங்க ஊருல இன்னா பண்ணுவோம்னா தை முடியறதுக்குள்ள கொல்லை ஓரமா அகலமா செதுக்கி விட்டுடுவோம், புல்லை வேரோட கொத்தி மண்ணு தெரியற மாதிரி. வெறும் அரிவாள்ல அறுத்தா பத்தாது, கட்டை புல்லு காஞ்சு அதுவே ஓடும். ரிசர்வ்க்குள்ள மட்டும் நீங்களா போயி எதையும் வெட்டாதீங்க, கேஸ் ஆயிடும். ஃபாரஸ்ட்காரங்க தீத்தடுப்புக் கோடு எடுப்பாங்க, உங்க ஊரு பக்கம் எங்க வரைக்கும் எடுக்கறாங்கன்னு ஒடுகத்தூர் ரேஞ்சு ஆபீஸ்ல போயி கேளுங்க, உங்க பட்டா நெலத்துல நீங்க செதுக்கறது அந்தக் கோட்டோட சேர்ற மாதிரி பாத்துக்குங்க. நடுவுல பத்தடி விட்டீங்கன்னா அது வழியாதான் வரும்.

ஒடுகத்தூர் பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. சுவர் ஐடியாவை விட்டுட்டேன். ரெண்டு விஷயம். பக்கத்து வீட்டு மாமா வைக்கப்போரு எங்க வேலிலேர்ந்து இருபதடி கூட இருக்காது, நம்ம போரை தள்ளி வெச்சாலும் அது பத்தினா முடிஞ்சுது கதை. அவர்கிட்ட அப்பா சொல்ல மாட்டார், பழைய வாய்க்கா தகராறு ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு, சேட்டிலைட்ல தீயை பாத்து மெசேஜ் அனுப்பறாங்களாமே, அது நம்பலாமா?

காட்பாடி நெட்டு

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். டேராடூன்ல இருக்கற ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியாதான் அனுப்பறாங்க, அவங்க வெப்சைட்ல உங்க மாவட்டத்தை குடுத்து பதிவு பண்ணினா பொதுமக்களுக்கும் எஸ்எம்எஸ் வரும். பதிவு பண்ணிக்கோங்க, காசு இல்ல. ஆனா அதை நம்பி தூங்காதீங்க, சேட்டிலைட் ஒரு நாளைக்கு சில தடவைதான் தலைக்கு மேல தாண்டும், அது பாக்கற ஒரு புள்ளி தரைல 375 மீட்டர் அகலம், சின்ன தீயை விட்டுடும், பாத்தாலும் தகவல் வந்து சேரறதுக்குள்ள நேரம் ஆயிடும். நீங்க அம்பத்தூர்ல உக்காந்து மேல எங்க எரியுதுன்னு தெரிஞ்சுக்க நல்லது, வீட்டுக்கு பின்னாடி எரியறதை ஊருல இருக்கறவன் கண்ணுதான் பாக்கணும்.

அணைக்கட்டு அக்கா

தம்பி, மொதல் கேள்விக்கு வரேன், ஏன்னா இதுல ஒத்த வீடு மட்டும் உஷாரா இருந்து பிரயோஜனம் இல்ல. உங்க அப்பா அந்த மாமாகிட்ட பேச வேணாம், நீங்களும் பேச வேணாம். உங்க அம்மா மகளிர் குழுல இருப்பாங்கல்ல, அந்த மாமா வீட்டம்மாவும் அதே குழுலதான் இருப்பாங்க, அங்க எடுத்து பேசச் சொல்லுங்க. "உங்க போரை தள்ளி வை"ன்னு ஒருத்தரை பாத்து சொன்னா சண்டை, "காட்டோரம் இருக்கற எல்லா போரும் இந்த வருஷம் தள்ளி வைக்கணும்"னு குழு தீர்மானமா வந்தா யாருக்கும் மொகம் கோணாது. எங்க தெருவுல அப்படித்தான் வெறகு அடுக்கறதை மாத்தினோம்.

வர்ற ஜனவரி 26 கிராம சபைல இதை எழுப்புங்க, விட்டீங்கன்னா அடுத்தது மார்ச் 22 சபைதான், அதுக்குள்ள கோடை வந்துடும், மே 1 சபை நடக்கறப்ப பாதி மலை எரிஞ்சு முடிஞ்சிருக்கும். ஊருல வனக்குழு இருக்கான்னு பாருங்க, 1997 வாக்குல ஜப்பான் கடன்ல காடு வளர்ப்புத் திட்டம் வந்தப்ப நெறைய ஊருல ஆரம்பிச்சாங்க, பேருக்காவது ஒண்ணு இருக்கும், தலைவர் யாருன்னு கேட்டு தூசி தட்டுங்க. கேக்க வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்ல. மலையடிவாரத்துல குப்பை கொட்டி கொளுத்தறதை நிறுத்தணும், தீயணைப்பு வண்டி உள்ள வந்து திரும்பற அளவுக்கு தெருவுல முள்ளு, ஜல்லி, மாட்டுவண்டி எல்லாம் ஒதுக்கணும், ஓவர்டேங்க்ல சாயங்காலம் தண்ணி இருக்கணும். மும்முனை கரண்ட் இல்லாத நேரத்துல தீ வந்தா கெணத்துல எவ்ளோ தண்ணி இருந்தாலும் மோட்டார் ஓடாது, அதனால வீட்டுல தொட்டியும் ட்ரம்மும் சாயங்காலமே ரொப்பி வெச்சிடணும்.

அப்புறம் கோயில் மைக்செட்டு. ராத்திரில தீ பாத்தா யாரு போயி மைக் போடறது, சாவி யார்கிட்ட இருக்கு, இதை இப்பவே பேசி வெச்சுக்கோங்க. நடக்க முடியாத பெரியவங்க எந்தெந்த வீட்டுல இருக்காங்க, அவங்களை தூக்கிட்டு போறது யாருன்னும் பேசிக்கோங்க. ஆம்பளைங்க எல்லாம் தீயை பாக்கப் போயிடுவாங்க, வீட்டுல இருக்கறவங்களை யாரு பாக்கறது?

வேலப்பாடி ரிட்டயர்டு

அந்த அம்மா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். உங்க அப்பா மாதிரி ஆளுங்க தீ வந்தா பச்சை தழை ஒடிச்சுகிட்டு அடிக்க ஓடுவாங்க, காலங்காலமா பண்றதுதான், முழங்கால் ஒசர தீன்னா அணைக்கவும் முடியும். அதுக்கு மேல ஒசந்திருந்தா கிட்ட போக வேணாம். தீக்கு மேல் பக்கம் சரிவுல நிக்கவே கூடாது. குரங்கணில 2018 மார்ச் 11ஆம் தேதி மலை ஏறப் போனவங்க மாட்டி இருபது பேருக்கு மேல செத்தாங்களே, காத்து மாறினா ஓடக்கூட நேரம் கெடைக்காது. பாலியஸ்டர் சட்டை, நைலான் சேலையோட பக்கத்துல போகாதீங்க, உடம்போட ஒட்டிக்கும், பருத்தி வேட்டி சட்டை, கால்ல செருப்பு இல்ல ஷூ. எதிர்த்தீ வைக்கறேன்னு, அதாவது வர்ற தீக்கு முன்னாடி இருக்கற புல்லை நாமளே எரிச்சு விடறேன்னு, ஊருல சில பேரு கெளம்புவாங்க, அதை பழகின ஃபாரஸ்ட்காரங்க பண்ணட்டும்.

தீ வேலி வரைக்கும் வந்தாச்சுன்னா மாட்டை அவுத்து விட்டுடுங்க, கட்டி வெச்சுட்டு போகாதீங்க. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்க, ஜன்னல் கதவை சாத்துங்க, 101 இல்லேன்னா 112 போன் போடுங்க. போன் போடும்போது ஊரு பேரு மட்டும் சொல்லாதீங்க, எந்த ரோடு, எந்த கோயிலாண்ட திரும்பணும்னு சொல்லுங்க, ராத்திரில வழி தேடறதுலயே வண்டிக்கு பாதி நேரம் போயிடும். தீ தாண்டிப் போனதுக்கு அப்புறமும் விடிய விடிய யாராவது ஒருத்தர் முழிச்சிருந்து ஓட்டு மேல, கொட்டால, எருக்குழில புகையுதான்னு பாக்கணும். எல்லாம் முடிஞ்சுதுன்னு போயி படுத்தப்புறம் கொட்டா எரிஞ்சதை சர்வீஸ்ல நான் நெறைய பாத்திருக்கேன்.

ஒடுகத்தூர் பையன்

ஞாயித்துக்கெழமை ஊருக்கு போயிட்டு வந்தேன். பனை ஏற ஆள் சொல்லியாச்சு, ஓட்டு மேல சருகு ரெண்டு சாக்கு வந்துது. கொட்டாக்கு தகரம் போடறதுக்கு அப்பா இன்னும் ஒத்துக்கல, "எங்க அப்பன் காலத்துலேர்ந்து கீத்துதான்"னு நிக்கறார். ஆனா போரை மட்டும் மாத்தலாம்னு அவரே சொல்லிட்டார். சம்பா அறுப்பு முடிஞ்சு இப்பதான் போரு போட்டிருக்கு, திரும்ப பிரிச்சு ஒரே தடவைதான் போடுவார், அதனால எங்க வைக்கறதுன்னு தெளிவா சொல்லிடுங்க. வீட்டுக்கு முன்னாடி ரோட்டோரம் எடம் இருக்கு, வலது பக்கம் கெணறு, அதுக்கு அந்தாண்ட உழுத நெலம்.

பீஞ்சமந்தை மேல

ரோட்டோரம் வேணாம், போறவன் வர்றவன் பீடி போட்டுட்டு போவான். கெணத்துக்கு அந்தாண்ட உழுத நெலத்துல வைங்க, வீட்டுலேர்ந்து நூறடி தள்ளி, சுத்திலும் மண்ணு தெரியற மாதிரி. மேல கரண்ட் ஒயர் போவுதான்னு பாத்துக்குங்க. முடிஞ்சா ஒரே போரா இல்லாம ரெண்டா பிரிச்சு நடுவுல எடம் விட்டு போடச் சொல்லுங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு மாட்டுக்கு மிஞ்சும். மாமாவை வேற தனியா கூப்புட வேணாம், உங்க அப்பா மாத்தறதை பாத்தார்னா அவரே வந்து அந்த உழுத நெலத்துல எனக்கும் கொஞ்சம் எடம் விடுன்னு கேப்பார், கேட்டா விட்டுடச் சொல்லுங்க.